கொல்கத்தாச் சீனர் தெருவில் ஒரு காலைச் சிற்றுண்டி

பிரயாணக் கட்டுரை எழுதும் பழக்கமோ அதற்குரிய படிப்போ எனக்கு இல்லை. மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். ஆயினும், சென்ற மார்கழியில் குடும்பத்துடன் கொல்கத்தா சென்றிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கண்டதையும் உண்டதையும் நம் இல்லங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கான காரணம் கொல்கத்தாவில் இல்லை. புனேயில், எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொழுக்கட்டையில் தொடங்கிய கதை

என் தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எங்களோடு இருப்பவர். வாரத்தில் ஒரு நாளாவது கேழ்வரகு மாவில் கருப்பட்டிப் பாகு விட்டுப் பிசைந்து, பிடி கொழுக்கட்டை அவித்து, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவார். ஒரு நாள் மாலை டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்தது. காரணம் கேட்டேன். பையன் முதலில் சொல்லவில்லை. பிறகு, "பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அப்பா. மண்ணைப் பிடித்து வைத்தாற்போல் இருக்கிறதாம். அதில் விரல் அடையாளம் வேறு தெரிகிறது என்கிறார்கள்" என்றான்.

அந்த விரல் அடையாளம் யாருடையது என்று அவனுக்கும் தெரியும். அடுக்களையில் நின்றிருந்த என் தாயார் இதைக் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் டப்பாவில் சப்பாத்தி போயிற்று. கேழ்வரகு மாவு டப்பா மேல் தட்டுக்கு ஏறிவிட்டது.

அதே வாரத்தில் பையன் என்னிடம் காசு கேட்டான். ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில் விற்கும் மோமோ தின்ன வேண்டுமாம். புனேயில் இன்று மோமோ விற்காத தெரு அரிது. வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்க வந்த இளைஞர்கள் பலர் இத்தொழிலைச் செய்கின்றனர். "அதுவும் ஆவியில் வெந்த மாவுதானே, தம்பி? பாட்டி கொடுத்ததும் அதுதானே?" என்றேன். "அது வேறு, அப்பா" என்றான். எப்படி வேறு என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஏன் வேறில்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஆவியில் வெந்த மாவு புனேக்குப் புதியதன்று. பிள்ளையார் சதுர்த்தி வந்தால் மராட்டியர் வீடுகளில் அரிசி மாவில் மடிப்பு மடிப்பாகச் சொப்பு செய்து, தேங்காயும் வெல்லமும் வைத்து மோதகம் அவிக்கிறார்கள். அதைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. நம் இட்லிக்கோ ஊரெங்கும் ராஜ மரியாதை. ஆகவே குறை பண்டத்தில் இல்லை. அதைக் கையில் ஏந்தி நிற்பவன் கூச்சத்தோடு நிற்கிறானா, நிமிர்ந்து நிற்கிறானா என்பதில்தான் இருக்கிறது. இதை வாயால் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறுமா?

எங்கள் ஆபீசில் வங்காளி நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பையனுக்கு மோமோதானே பிடிக்கும்? அதன் பங்காளிகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறேன். கொல்கத்தா போங்கள். திரெட்டா பஜாருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போங்கள். எட்டு மணிக்குப் போனால் காலித் தெருவைத்தான் பார்ப்பீர்கள்."

அந்த ஆண்டின் ரயில்வே பாஸ் பயன்படுத்தப்படாமல் இருந்தது. புனேயிலிருந்து ஹௌராவுக்கு ஆஜாத் ஹிந்த் எக்ஸ்பிரஸ் நேரே செல்கிறது. முப்பது மணி நேரத்துக்கு மேலான பிரயாணம். நான், மனைவி, மகன், ஆறு வயது மகள் ஆகிய நால்வரும் புறப்பட்டோம். தாயார் வர மறுத்துவிட்டார்கள்.

டிம் சம் என்பது யாது?

தெருவுக்குள் நுழையுமுன் அங்கு விற்கும் பலகாரங்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது நலம்.

தென் சீனத்தில் காண்டன் என்று நாம் அறிந்த குவாங்சௌ நகரமும், அதை அடுத்த ஹாங்காங்கும் தேநீர்க் கடைகளுக்குப் பேர் போனவை. அங்கே காலையில் தேநீர் அருந்தப் போவது என்றால் வெறும் தேநீர் அருந்துவது அன்று. குடும்பத்தோடும் நண்பர்களோடும் அமர்ந்து, தேநீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டே, சிறு சிறு தட்டுகளில் வரும் பலகாரங்களைப் பகிர்ந்து உண்பது. இவ்வழக்கத்துக்கு 'யம் சா' என்று பெயர். 'தேநீர் அருந்துதல்' என்பதே அதன் பொருள். கூட வரும் பலகாரங்களுக்கு 'டிம் சம்' என்று பெயர். 'இதயத்தைத் தொடுவது' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் ஊரில் 'டிபன் சாப்பிட்டீர்களா?' என்று கேட்பதில் எவ்வளவு உறவு அடங்கியிருக்கிறதோ, அவ்வளவும் அந்தச் சொல்லிலும் உண்டு.

ஒருவர் தேநீர் ஊற்றினால், மற்றவர் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவார். அதுவே நன்றி. ஒரு சக்கரவர்த்தி மாறுவேடத்தில் சென்றபோது தம் சேவகனுக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். அவன் மண்டியிட்டு வணங்கினால் வேடம் கலைந்துவிடும். ஆகவே விரல்களை மடக்கி மண்டியிடச் செய்தானாம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருப்பினும் வழக்கம் அழகியது.

பலகாரங்களில் பல வகை உண்டு. 'சியூ மாய்' என்பது மெல்லிய கோதுமை மாவுத் தோலில் இறைச்சி அல்லது இறாலை வைத்து, மேல் வாயைத் திறந்தவாறே விட்டு அவிப்பது. பார்ப்பதற்குச் சிறு பூக்கூடை போல் இருக்கும். 'ஹார் காவ்' என்பது உள்ளிருக்கும் இறால் வெளியே தெரியும்படி கண்ணாடி போன்ற தோல் கொண்டது. 'பாவ்' என்பது புளிக்க வைத்த கோதுமை மாவில் பூரணம் வைத்து அவித்த வெண்ணிறப் பந்து. மாவைப் புளிக்க வைத்து ஆவியில் ஏற்றும் வித்தையை இட்லி ஊற்றும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை அல்லவா?

இவை ஏழை எளியவர் உண்ணும் உணவும் ஆகும். 2009-ஆம் ஆண்டு ஹாங்காங்கின் மோங் கோக் பகுதியில் 'டிம் ஹோ வான்' என்ற மிகச் சிறிய டிம் சம் கடை ஒன்று திறக்கப்பட்டது. பெரிய ஹோட்டல்களுக்கே நட்சத்திரம் வழங்கிவந்த பிரெஞ்சு நாட்டு மிஷ்லின் கையேடு அந்த மலிவு விலைக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் வழங்கியது. சிறிய கடைக்குப் பெரிய சுவை பகையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விடியலில் ஒரு கடைத்தெரு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஹௌராவிலிருந்து டாக்ஸி பிடித்தோம். 1943-இல் திறக்கப்பட்ட அந்த மாபெரும் இரும்புப் பாலத்தைக் கடந்து, லால் பஜார் போலீஸ் தலைமையகத்தைத் தாண்டி, போத்தார் கோர்ட் கட்டடத்தருகே இறங்கினோம். பனி மூட்டம். காய்கறிக்காரர்கள் கோணியை விரித்துக்கொண்டிருந்தார்கள். சன் யாட் சென் தெரு என்று பலகை. நவீனச் சீனத்தின் தந்தை எனப்படும் அத்தலைவரின் பெயரை இந்திய நகரத்துத் தெரு ஒன்று தாங்கி நிற்கிறது.

மூங்கில் கூடைகள் அடுக்கடுக்காக இருக்கும் என்று படங்களில் பார்த்து எதிர்பார்த்திருந்தேன். இங்கே இருந்தவை பெரும்பாலும் அலுமினிய அடுக்குப் பாத்திரங்கள். நம் வீட்டு இட்லிப் பானைக்கு அண்ணன் என்று சொல்லத்தக்கவை. மடக்கு மேசைகளின் மேல் அவை வரிசையாக நின்றன. மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெண்ணிற ஆவி எழுந்து பனியோடு கலந்தது. என் மகள் அந்த ஆவிக்குள் கையை நீட்டி நீட்டி விளையாடினாள்.

நாற்காலி இல்லை, பரிமாறுவார் இல்லை, விலைப் பட்டியலும் இல்லை. காகிதத் தட்டில் வாங்கி, நின்றபடியே உண்ண வேண்டும். ஒரு மூலையில் பெரிய குண்டானில் மீன் உருண்டை சூப் கொதித்தது. ஒரு கயிற்றில் உலர்ந்த பன்றி இறைச்சித் தொத்திறைச்சிகள் தொங்கின. எள் ஒட்டிய உருண்டைகளும், இலையில் பொதிந்த ஒட்டரிசிப் பொட்டலங்களும், நீளமாகப் பொரித்த மாவுக் குச்சிகளும் இருந்தன. விற்பவர் எல்லாரும் சீனர் அல்லர். சீனரின் பக்கத்திலேயே வேற்று இனத்தவரும் அதே பண்டங்களைச் செய்து விற்றார்கள். வாங்க வந்தவர்களில் வங்காளிகளே அதிகம். காலையில் உலாவ வந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், கையில் தூக்குப் பாத்திரம் ஏந்திய குடும்பத் தலைவர்கள் எனப் பலரும் இருந்தனர்.

"பாவ் வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். என் மகன் ஒரு வடா பாவ் வரும் என்று காத்து நின்றான். தட்டில் வந்ததோ வெள்ளைப் பந்து. அவன் விழித்ததைக் கண்டு கடைக்காரரும் சிரித்தார். நம் புனேயின் பாவ், போர்த்துக்கீசியர் ரொட்டிக்கு இட்ட பெயரிலிருந்து வந்தது. இந்தப் பாவ் சீனர் இட்ட பெயர். உறவில்லாத இரு சொற்கள் ஒரே ஒலியில் ஒரு பிள்ளையைக் குழப்பிவிட்டன. பிய்த்துப் பார்த்தான், உள்ளே கோழி இறைச்சி. அதன் பிறகு பேச்சில்லை, இன்னொன்று கேட்டான்.

என் மனைவி மரக்கறி உண்பவள். ஆகையால் அவளுக்கு அங்கே அதிகம் கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான பலகாரங்களில் இறைச்சியோ மீனோ உண்டு. பன்றி இறைச்சி மிகுதி. இனிப்புகளில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர் உண்டு என்பதால் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். அவளும் கேட்டாள். எள் உருண்டை விற்ற மூதாட்டி, "பயறும் சர்க்கரையும்தான், கடலை எண்ணெயில் பொரித்தது" என்று ஹிந்தியில் சொன்னார். கடித்துப் பார்த்த என் மனைவி, "இது நம் சுகியனும் எள்ளுருண்டையும் கல்யாணம் செய்துகொண்டாற்போல் இருக்கிறது" என்றாள்.

தேநீர் மட்டும் சீனத்துத் தேநீர் அன்று. பக்கத்துக் கடையில் மண் குவளையில் ஊற்றிய பால் தேநீர். ஆயினும், பலகாரமும் தேநீரும் பேச்சும் ஒன்று சேர்ந்ததால் அதுவும் ஒரு யம் சாதான். நால்வரும் வயிறார உண்டதற்கு நானூறு ரூபாய்கூட ஆகவில்லை.

சர்க்கரை ஆலை முதல் தேவ்லி வரை

இவர்கள் இங்கு எப்படி வந்தார்கள்? வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1778-ஆம் ஆண்டு வாக்கில், டாங் அச்சியூ என்ற சீனர் வங்காளம் வந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் பஜ்பஜ் அருகே அவருக்கு நிலம் அளிக்கப்பட்டது. அங்கே கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நிறுவினார். சீனத்திலிருந்து ஆட்களையும் வரவழைத்தார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. செந்நிறம் பூசிய அவருடைய சமாதிக்குச் சீனப் புத்தாண்டின்போது கொல்கத்தாச் சீனர்கள் சென்று வணங்கி வருகிறார்கள். வந்தவர்களில் முதல்வரை மறவாமை அவர்கள் குணம்.

அச்சியூவின் காலத்துக்குப் பின் அவருடைய ஆட்களும், அடுத்தடுத்துக் கப்பலேறி வந்தவர்களும் கல்கத்தா நகரில் குடியேறினார்கள். காண்டன் பகுதியார் தச்சு வேலையில் சிறந்தனர். ஹக்கா இனத்தார் தோல் பதனிடுதலிலும் காலணி செய்தலிலும் ஈடுபட்டனர். ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவர் ஆயினர். அவர்கள் கூடி வாழ்ந்த இடத்தின் பெயரோ ஓர் இத்தாலியருடையது: வெனிஸிலிருந்து வந்து, அந்நகரின் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்த எட்வர்டு திரெட்டா என்பவர். வெனிஸ்காரர் பெயரில், வங்காள மண்ணில், சீனர் பேட்டை! சந்துகளுக்குள் அவர்களுடைய கோயில்கள் இருக்கின்றன. 1905-இல் கட்டப்பட்ட ஸீ இப் கோயிலைக் கண்டோம். இவற்றை அங்கே 'சர்ச்' என்றே அழைக்கிறார்கள். உள்ளே இருப்பவையோ சீன தெய்வங்களும் ஊதுவத்தியும்.

பிறகு 1962 வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சீனா எல்லையில் போர் தொடுத்தது. ஒரு மாதத்தில் போர் நின்றது. ஆனால் இங்கு பிறந்து, இங்கு வளர்ந்து, சீனத்தைக் கண்ணாலும் காணாத சீன வம்சத்தார் சுமார் 3,000 பேர், பெண்டு பிள்ளைகளோடு, ராஜஸ்தானத்தில் தேவ்லி என்ற இடத்து முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அஸ்ஸாமிலிருந்தும் மலை நாட்டிலிருந்தும் பிடிக்கப்பட்டவர்கள் பல நாள் ரயிலில் கொண்டு செல்லப்பட்டார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் இல்லை. ரயிலில் ஏறுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டு டிக்கெட் கொடுப்பது என் தொழில். எங்கே போகிறோம் என்று அறியாமல் ஏற்றப்பட்ட அந்தக் குடும்பங்களை நினைக்கும்போது எனக்கு மனம் கனத்தது.

அதன் பின்னர் பலர் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். டாங்ராவில் இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நகரத்துக்கு வெளியே மாற்றும்படி 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தொழிலும் அவ்விடத்தை விட்டு அகன்றது. ஒரு காலத்தில் இருபதாயிரம் என்று சொல்லப்பட்ட அவர்கள் தொகை இன்று சில ஆயிரமாகக் குறைந்துவிட்டது.

நாமும் அவர்களும் முற்றிலும் அறியாதவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சீனத்தின் ச்சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எடுத்தனர். அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நாம் அப்பளம் பொரிப்பது சீனச் சட்டியில்; காப்பியில் போடுவது சீனி. நாம் அங்கே கடை வைத்தோம். அவர்கள் இங்கே ஆலை வைத்தார்கள்.

மூதாட்டியின் பாத்திரம்

எள் உருண்டை விற்ற மூதாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கு உதவியாக ஒரு சிறுமி. என் மகன் வயதுதான். பேத்தி என்றார். அச்சிறுமி பாட்டியிடம் ஹக்கா மொழியிலும், வாங்க வந்தவர்களிடம் வங்காளத்திலும், எங்களிடம் ஹிந்தியிலும், படம் எடுக்க வந்த வெளிநாட்டார் இருவரிடம் இங்கிலீஷிலும் பேசினாள். ஒரு பாஷையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் மகன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டார் அந்த ஒட்டரிசிப் பொட்டலத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டார்கள். அவள் இலையைப் பிரித்துக் காட்டி, "என் பாட்டி கட்டியது" என்றாள். அவ்வளவுதான். என்ன அரிசி, என்ன இலை என்றெல்லாம் அவர்கள் கேட்ட பிறகே சொன்னாள்.

கூட்டம் குறைந்ததும் மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "மாஸி, இந்த வயதில் இந்தக் குளிரில் வர வேண்டுமா? பிள்ளைகள் இல்லையா?" என்றேன்.

"இரண்டு பேர் டொராண்டோவில். ஒருவன் இங்கே. மூவரும் வராதே என்றுதான் சொல்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாவு பிசைய வேண்டியிருக்கிறது" என்றார்.

"பின் எதற்காக?"

அவர் எங்களுக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தைக் கையால் காட்டினார். "அங்கே ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருவதில்லை. அடுத்த ஞாயிறு யாரும் கேட்பதில்லை. மூன்றாவது ஞாயிறு அங்கே வெங்காயக்காரன் உட்கார்ந்துவிடுகிறான். நான் வராவிட்டால் இந்தப் பெண் இதை எங்கே கற்றுக்கொள்வாள்? வீட்டில் செய்தால் தின்பாள், கற்றுக்கொள்ள மாட்டாள். இங்கே நாலு பேர் கேட்கிறார்கள்; அதனால் கற்றுக்கொள்கிறாள்."

எட்டரை மணிக்கு அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துத் துடைத்தார். சிறுமி காசை எண்ணி முடிச்சிட்டாள். சற்று நேரத்தில் அந்த இடத்தில் காய்கறிக் கூடைகள் வந்து அமர்ந்தன. அங்கே அப்படியொரு சந்தை நடந்ததாக எவரும் சொல்ல முடியாது.

நமக்கு இதில் என்ன?

திரும்பும் வழியில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாமும் குடியேறியவர்களே. ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் நம் முன்னோர் வந்து இறங்கியபோது, அரைத்த மாவையும் வறுத்த பொடியையும் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு அனுப்பிப் பிழைத்தார்கள். இன்று நம் பலகாரங்களில் இட்லியும் தோசையும் ஊராருக்கு உரியவை ஆகிவிட்டன. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைக்குரியவை மற்றவை: பிடி கொழுக்கட்டை, இலை அடை, கம்பு உருண்டை, குழாய்ப் புட்டு, பால் கொழுக்கட்டை. இவை வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்குள் ஒளிந்திருப்பது பிள்ளையின் கண்ணுக்குக் கூச்சத்துக்குரியதாகப் படுகிறது. மூதாட்டி சொன்னதும் அதுதான்: வீட்டில் தின்னலாம், தெருவில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கொல்கத்தாச் சீனர்களுக்கு அவர்கள் மொழியிலேயே 'சோங் பௌ' என்றொரு பத்திரிகை இருந்தது. 1969-இல் தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சில் கடைசி இதழ் வெளிவந்தது. அதே ஆண்டு அதன் ஆசிரியரும் காலமானார். அதன் பின் அதை எடுத்து நடத்துவார் இல்லை. பத்திரிகை நின்றுவிட்டது; பலகாரத் தெரு இன்னும் நிற்கிறது. நம் சங்க மாத இதழைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தறியாத பாட்டியும் பங்கு கொள்ளக்கூடிய காரியம் எதுவோ, அதுவே நீண்ட நாள் நிற்கிறது போலும்.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, சங்கக் கட்டடத்தின் முன்புறத்தில் ஒரு பலகாரச் சந்தை வைக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரே பலகாரம். அதுவும் ஆவியில் வெந்ததாக இருக்கட்டும். இட்லி மட்டும் வேண்டாம். விலை சொற்பமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் செய்யட்டும், பிள்ளைகள் பரிமாறட்டும். அண்டை அயலிலுள்ள மராட்டிய நண்பர்களை அழைக்க வேண்டும். அவர்கள் "இது என்ன?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் பிள்ளைகளே. தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளைகூட இதற்கு வரும் என்பது என் நம்பிக்கை.

கொல்கத்தா செல்ல எண்ணுவோர்க்கு இரண்டொரு குறிப்புகள்: ஞாயிற்றுக்கிழமையே உகந்தது. ஆறு மணிக்கே அங்கிருக்க வேண்டும். சில்லறைக் காசு அவசியம். மரக்கறி உண்போர் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். படம் எடுக்குமுன் அனுமதி கேட்பது மரியாதை. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்.

வீடு திரும்பிய அன்று

புனே திரும்பிய அன்று இரவு என் தாயார் பேரனிடம் என்ன தின்றாய் என்று கேட்டார்கள். அவன் பாவ் பற்றியும் சியூ மாய் பற்றியும் இலைப் பொட்டலம் பற்றியும் கையால் வடிவம் காட்டிச் சொன்னான். அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் தொழில் கேள்விகள்: "மேல் வாயை மூடாமல் விட்டால் பூரணம் ஒழுகாதோ? மாவுக்கு வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? எத்தனை நாழிகை வேகவிடுகிறார்கள்?" அவனுக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. "அடுத்த தடவை கேட்டுக்கொண்டு வா" என்றார்கள்.

சற்று நேரம் கழித்து அவன், "அந்தப் பாட்டியின் பலகாரத்திலும் விரல் அடையாளம் இருந்தது, பாட்டி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கேழ்வரகு மாவு டப்பாவை மேல் தட்டிலிருந்து இறக்கித் தரும்படி என் தாயார் என்னிடம் சொன்னது அடுத்த வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை டப்பாவில் நான்கு கொழுக்கட்டைகள் போயின. மாலையில் ஒன்று திரும்பி வந்தது. மற்ற மூன்றையும் அவனே தின்றானா, பிறர்க்குக் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்த ஒன்றை என் தாயார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கருப்பட்டி கொஞ்சம் குறைவுதான்" என்று சொல்லி, தாமே தின்றுவிட்டார்கள்.